பறவை எதை எரித்துப் பறக்கிறது

கரைவெட்டி
5-1-2025, ஞாயிறு

நாலு மாதம் மூத்த வெற்றி அக்காவுக்கு,

விடுதி போனில் வாரத்துக்கு ஐந்து நிமிடம். அதில் மூன்று நிமிடத்தை உன் அம்மா "சாப்ட்டியா, சாப்ட்டியா" என்று கேட்டே முடித்துவிடுகிறார். மீதி இரண்டு நிமிடம் வார்டன் ஜெகதாம்பாள் அம்மா பக்கத்தில் நின்று இருமுகிறார். நாம் எப்போது பேசுவது? அதனால்தான் கடிதம். முருகையன் மாமாவின் சிமெண்ட் லாரி அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு உங்கள் கபடி முகாம் வாசல் வழியாகத்தான் போகிறது. கேட்டதற்கு, "ஊரே கையில போன வச்சிக்கிட்டு திரியுது, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் லாரி தபாலா?" என்று சலித்துக்கொண்டார். ஆனால் உறையை வாங்கி ஸ்டியரிங்குக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார்.

ஏரிக்கு வரித்தலை வாத்துகள் வந்துவிட்டன. காவலர் தங்கராசு அண்ணன் பைனாகுலர் கொடுத்தார். தலையில் இரண்டு கறுப்புக் கோடு, மை தீட்டிய மாதிரி. இமயமலையைத் தாண்டி வருகின்றன. மலர்கொடி மிஸ் அறிவியல் கண்காட்சிக்கு என்னை இதைப் பற்றித்தான் செய்யச் சொல்லியிருக்கிறார்: தொலைதூரம் பறக்கும்போது பறவையின் உடம்புக்குள் என்ன நடக்கிறது? புத்தகமும் கொடுத்தார். படித்துவிட்டு எனக்குப் பயமாகவே போய்விட்டது.

சில பறவைகள் கடலுக்கு மேல் நாள் கணக்கில் பறக்கின்றன. சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. உடம்பில் இருக்கும் கொழுப்பை எரித்துப் பறக்கின்றன. அது போதாமல் தசையையும் எரிக்கின்றன. குடல், ஈரல்கூடச் சுருங்கிவிடுகின்றன. தன் உடம்பையே தின்றுகொண்டு பறக்கிறது என்று யோசித்துப் பார். தண்ணீர்கூட அப்படித்தான், கொழுப்பும் தசையும் கரையும்போது உள்ளேயே ஊறுகிறது.

புறப்படுவதற்கு முன் அவை என்ன செய்யும் என்றும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. வெறும் சாப்பாட்டு விஷயம், சுவாரஸ்யமில்லை. சார்ட்டில் இடமும் இல்லை. விட்டுவிட்டேன்.

உன் கபடி எப்படிப் போகிறது?

அன்புடன்
ஆர்த்தி


பெரம்பலூர்
8-1-2025

அடியே ஆர்த்தி,

உன் கடிதத்தை எங்கள் அறையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஹேமலதா, "ஒங்க தங்கச்சி லெட்டரு எழுதுதா, பாடம் நடத்துதா?" என்று கேட்டாள். நான் அவளை ஒரு குத்து குத்தினேன்.

என் விஷயம் இது. இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாவட்ட அணிக்கு எடை போடுகிறார்கள். ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். நான் இன்று ஐம்பத்தொன்பது. அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும், இந்த அணியில் இடம் கிடையாது. கோச் பிச்சைமுத்து சாரிடம் கேட்டேன். "நாலு கிலோவா? வாணாம்மா. வளர்ற ஒடம்பு. நல்லா சாப்டு, அடுத்த வருசம் பெரிய டீமுல ஆடு" என்கிறார்.

அடுத்த வருடம் நான் இங்கே இருந்தால்தானே. அணியில் பெயர் இல்லாதவர்களை மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா தீபாவளிக்கே சொல்லிவிட்டார்: "டீமுல சேந்தா ஆடு. இல்லன்னா ஆடுனது போதும், வந்து சேரு." அப்புறம் என் காலை வைத்து நான் என்ன செய்வது? முந்திரிக் காட்டில் சருகு கூட்டவா?

அது கிடக்கட்டும். அந்தப் பறவை எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் பறக்கும்? எதை முதலில் எரிக்கும், எதை அப்புறம்? தாகத்துக்கு என்ன செய்யும்? வரிசையாக எழுது. உன் எழுத்து பிடித்திருக்கிறது.

வெற்றிச்செல்வி


கரைவெட்டி
10-1-2025, வெள்ளி

அன்புள்ள வெற்றிக்கு,

என் கண்காட்சியைப் பற்றி வகுப்பில் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. நீ மூன்று கேட்டிருக்கிறாய்! மாமா லாரியை நிறுத்திக் கடிதத்தைக் கொடுத்ததும் வாய்க்கால் மதகிலேயே உட்கார்ந்து படித்தேன்.

முதல் கேள்வி. மூக்கன் என்று ஒரு வகைப் பறவை. அதில் ஒரு குஞ்சு, ஐந்து மாதம்தான் வயது, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியப் பக்கம் தாஸ்மானியா வரைக்கும் பதினோரு நாள் பறந்தது. உட்காரவே இல்லை. ஒரு வாய் இல்லை, ஒரு சொட்டு இல்லை. அதன் முதுகில் கருவி கட்டியிருந்ததால் தெரிந்தது.

இரண்டாவது, வரிசை. பெரும்பகுதி கொழுப்பு. கூடவே ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தசையும் கரைகிறது. பறக்கும்போது குடலுக்கு வேலை இல்லை அல்லவா? வேலை இல்லாத உறுப்பைச் சுமப்பானேன் என்று உடம்பு அதைச் சுருக்கிவிடுகிறது. இரைப்பை, ஈரல் எல்லாம் இளைத்துவிடும். பாரம் குறையக் குறையப் பறப்பது எளிதாகிறது.

மூன்றாவது, தண்ணீர். தசையில் தண்ணீர் நிறைய இருக்கிறது. அது கரைந்தால் அந்தத் தண்ணீர் வெளியே வருகிறது. தாகத்துக்குத் தன்னையே குடிக்கிறது.

எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு! நீயும் இப்படிக் கேள்வி கேட்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. பொங்கலுக்கு வரும்போது ஏரிக்குக் கூட்டிப் போகிறேன்.

ஆர்த்தி


பெரம்பலூர்
17-1-2025

ஆர்த்திக்கு,

பொங்கலுக்கு வராததற்கு அம்மா அழுததாக மாமா சொன்னார். முகாமில் விடவில்லை என்று போனில் சொன்னேன். பொய். எல்லோரையும் விட்டார்கள். வந்தால் சாப்பிட வேண்டியிருக்கும். அதனால் வரவில்லை.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். இன்று காலை ஐம்பத்தேழு கிலோ இருநூறு கிராம்.

உன் இரண்டு கடிதத்தையும் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். பசி தாங்காதபோது எடுத்துப் படிப்பேன். இராத்திரிச் சோறு நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. என் தட்டை ஹேமலதா தின்றுவிடுவாள், வார்டனுக்குத் தெரியாது. மத்தியானம் மூன்று வாய். காலையில் எல்லோரும் எழுவதற்கு முன் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதற்குள் உரச்சாக்கு பாலிதீனைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறேன். வியர்வை பாலிதீனுக்குள் கொழகொழவென்று நிற்கும். இந்தச் செவ்வாயிலிருந்து பகல் பன்னிரண்டுக்கு மேல் தண்ணீரும் கிடையாது. வாய் ஊறினால் துப்பிவிடுகிறேன். துப்பினால்கூட எடை குறையும்.

ஐந்து மாதக் குஞ்சு பதினோரு நாள் என்றால் எனக்குப் பதினாறு வயது. நான் என்ன அதைவிடவா மோசம்? ஹேமா பயப்படுகிறாள். "எனக்குள்ள குடல் சுருங்குது, பாரம் கொறயுது, எல்லாம் கணக்காத்தான் போகுது, என் தங்கச்சி எழுதியிருக்கா" என்று சொன்னேன்.

நீ கொடுத்த தைரியம்தான் ஆர்த்தி. ஜெயித்துவிட்டால் உனக்கு ஒரு பைனாகுலர் வாங்கித் தருவேன்.

யாரிடமும் சொல்லாதே.

வெற்றி


கரைவெட்டி
18-1-2025, சனி

வெற்றி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தயவுசெய்து இதைக் கடைசிவரை படி. படித்ததும் முதலில் தண்ணீர் குடி. இல்லை, முதலில் தண்ணீர் குடித்துவிட்டு அப்புறம் படி.

நான் உனக்குப் பாதியைத்தான் எழுதினேன். சுவாரஸ்யமில்லை என்று விட்டேனே ஓர் அத்தியாயம், அதில்தான் எல்லாம் இருக்கிறது. புறப்படுவதற்கு முன் பறவை வாரக்கணக்கில் வெறி பிடித்த மாதிரி தின்கிறது. மூக்கன் புறப்படும்போது அதன் எடையில் பாதிக்குப் பக்கம் கொழுப்புதான். அந்தக் கொழுப்பை எடுத்துத் தசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அதன் இரத்தத்தில் தனி ஏற்பாடு இருக்கிறது. நமக்கு அந்த வேகம் கிடையாது. மனிதருக்குக் குடல் சுருங்குவது ஒரு திட்டம் இல்லை வெற்றி, நோய். நாம் வியர்த்துத் தள்ளினால் உள்ளே ஊறுவது போதாது. சிறுநீரகம் கெட்டுவிடும். மலர்கொடி மிஸ்ஸிடம் யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "யாரு ஆர்த்தி அது?" என்றார். நான் சொல்லவில்லை.

இன்னொன்று. போன மார்கழியில் ஏரிக்கரையில் ஒரு சின்ன உள்ளான் பறவை வந்து விழுந்தது. இதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. தங்கராசு அண்ணன் என் கையில் கொடுத்தார். எடையே இல்லை. நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி விரலில் குத்தியது, சுற்றிச் சதை இல்லை. கண் திறந்திருந்தது. பாவம் என்று பொடியன்கள் பொரியை நனைத்து வாய் நிறையத் திணித்தார்கள். நானும்தான் திணித்தேன். அரை மணி நேரத்தில் செத்துவிட்டது. "அதுக்குச் செரிக்கிற சக்தி போயிருக்கும்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுத்திருக்கணும்" என்றார் அண்ணன். எல்லாப் பறவையும் வந்து சேர்வதில்லை. வந்து சேர்ந்ததைத்தான் புத்தகத்தில் எழுதுகிறார்கள்.

உனக்கு மாதம் தள்ளிப்போயிருக்கிறதா? தலை சுற்றுகிறதா? உண்மையைச் சொல்.

பிச்சைமுத்து சாரிடம் நீயே சொல்லிவிடு. நீ சொல்லவில்லை என்றால் நான் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குச் சொல்ல விருப்பமில்லை. நீ என்னை அப்படிச் செய்ய வைக்காதே.

ஆர்த்தி


பெரம்பலூர்
23-1-2025, வியாழன்

ஆர்த்திக்கு,

ஐந்து நாளாக உனக்குப் பதில் எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதுகிறேன், ஏனென்றால் நீ வாயைத் திறந்துவிடுவாயோ என்று பயம்.

தெளிவாகக் கேள். நீ அம்மாவிடமோ சாரிடமோ ஒரு வார்த்தை சொன்னாலும் உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை. சித்தி வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். நீ படித்து டீச்சர் ஆவாய், மிஸ் ஆவாய். எனக்கு இந்த இரண்டு கால்தான். பாதி எழுதினாயாம். பாதி எழுதியது உன் தப்பு. நான் முக்கால் தூரம் வந்துவிட்டேன். இப்போது நடுக்கடலில் வந்து திரும்பு என்கிறாய்.

ஐம்பத்தைந்து கிலோ தொள்ளாயிரம். இன்னும் தொள்ளாயிரம் கிராம். நாளை பகல் முழுக்க ஒன்றும் கிடையாது. நாளை மறுநாள் எட்டு மணி. எடைப் பலகையை விட்டு இறங்கியதும் ஒரு குடம் தண்ணீர் குடிப்பேன்.

மாதம் தள்ளித்தான் போயிருக்கிறது. நல்லதுதான், பாவாடை துவைக்கிற வேலை மிச்சம். கெண்டைக்கால் இரண்டும் கல் மாதிரி இழுத்துக்கொள்கிறது. நேற்று முழுக்க ஒரு தடவைதான் ஒன்றுக்குப் போனேன், டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஹேமா பார்த்தால் பாலை ஊற்றிக் குடித்துவிடுவாள் என்று சிரித்துக்கொண்டேன்.

இப்போது எழுதும்போது கோடு இரண்டிரண்டாகத் தெரிகிறது. நீ இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டாதே. அம்மா நீ சாப்பிட்டாயா. கறுப்புக் கோடு நான் பார்த்தேன் ஏரியில், நீ கூட்டிப்போனாயே அன்றைக்கு. எனக்குக் குளிருகிறது.

வெற்


பெரம்பலூர், மருத்துவமனை வராந்தா
25-1-2025, சனி காலை

வெற்றி,

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் வெளியே வந்துவிட்டேன். உன் கட்டிலுக்கும் இந்தப் பெஞ்சுக்கும் பத்தடி இருக்கும். ஹேமலதாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, மூன்றாவது பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கிழி.

நான்தான் சொன்னேன். வேறு யாரையும் சந்தேகப்படாதே. முந்தாநாள் எழுதியது நேற்று சாயங்காலம் நாலரைக்குத்தான் வந்தது. மாமா கொடுக்கும்போதே, "என்னாது உங்கக்கா, செவுத்தப் புடிச்சிக்கிட்டு கேட்டுக்கு வருது? வவுத்து வலியான்னு கேட்டா என்னைய யாருன்னு கேக்குது" என்றார். கடிதத்தில் நீ பெயரைக்கூட முடிக்கவில்லை. நான் ஏரிக்கு உன்னைக் கூட்டிப்போகவே இல்லை வெற்றி. நீ வரவே இல்லை. அந்த வரியைப் படித்ததும் எனக்கு உன் மிரட்டல் எல்லாம் மறந்துவிட்டது. மாமாவின் போனைப் பிடுங்கி விடுதிக்குப் போட்டேன். ஜெகதாம்பாள் அம்மா, "இது பேசற நேரம் இல்ல, ஞாயித்துக்கெழம போடு" என்று வைக்கப் போனார். "பாத்ரூம்ல போய்ப் பாருங்க, மாடில பாருங்க, எங்கக்கா செத்துடுவா" என்று கத்தினேன். நடுரோட்டில் நின்று கத்தினேன். போனைக் கீழே வைக்காமலே அவர் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ அலறினார்கள். ஏழு நிமிடம் வரைக்கும் யாரும் வந்து என்னவென்று சொல்லவில்லை. நான் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நீ கிடந்ததை ஹேமாதான் பிறகு சொன்னாள்.

இதுதான் மூன்றாவது பத்தி. பெரியம்மா தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப்பும் நெய்ச் சோறும் கொண்டுவந்திருக்கிறார். டாக்டர் கஞ்சித் தண்ணி மட்டும், அதுவும் ஸ்பூன் கணக்கில் என்று சொல்லியிருக்கிறார். பெரியம்மா கேட்கவில்லை. "புள்ள எலும்பும் தோலுமா கெடக்கு, கஞ்சித் தண்ணியாம்ல கஞ்சித் தண்ணி. டாக்டரு அந்தாண்ட போவட்டும்" என்று முந்தானைக்குள் வாளியை வைத்திருக்கிறார். அவர் கெஞ்சினாலும் அழுதாலும் வாங்காதே. நீ இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடவில்லை. திடீரென்று நிறையப் போனால் இரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகி நெஞ்சு நின்றுவிடலாம் என்று டாக்டர் பிச்சைமுத்து சாரிடம் சொன்னதை நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நர்ஸ் அக்காவிடமும் வாளியைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். இரண்டு நாளில் இரண்டு பேரைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

உள்ளான் நினைவாகவே இருக்கிறது. என் விரலால்தான் பொரியைத் திணித்தேன்.

மணி எட்டு இருபது. எடை போட்டு முடித்திருப்பார்கள். பெரியப்பா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார், உள்ளே வர மாட்டேன் என்கிறார். "நான் சொன்ன சொல்லுதான?" என்று பிச்சைமுத்து சாரிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார். சார் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பாதி எழுதியது என் தப்பு. பள்ளிக்கூடச் சார்ட்டைக் கிழித்துவிட்டேன். மலர்கொடி மிஸ் திட்டட்டும்.

நான் இங்கேயே இருக்கிறேன். கடைசி பஸ் வரைக்கும்.

ஆர்த்தி


25-1-2025
மத்தியானம்

ஆர்த்தி,

ஹேமாவிடம் மருந்துச் சீட்டு வாங்கி அதன் பின்னால் எழுதுகிறேன். கையில் ஊசி இருக்கிறது, எழுத்துக் கோணலாகத்தான் வரும்.

நான் உன்னோடு பேசவில்லை. சொன்னால் ஒன்றும் இல்லை என்று சொன்னேன், நீ சொன்னாய். அதனால் பேசவில்லை. இது பேச்சு இல்லை, சீட்டு.

காலையில் நர்ஸ் தூக்கிப் பிடித்து என்னை எடை மெஷினில் நிறுத்தினார். ஐம்பத்து நாலு அறுநூறு. மணி அப்போது எட்டு. ஆர்த்தி, நான் ஜெயித்துவிட்டேன். எழுதிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. நர்ஸ் "அடப்பாவி மகளே" என்று சொல்லி என்னைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார். எனக்கு அழக்கூடத் தண்ணீர் வரவில்லை.

சிறுநீரகத்துக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். திரும்ப ஆட முடியுமா என்று கேட்டேன். "மொதல்ல ஒண்ணுக்குப் போ" என்றார். கட்டிலுக்குக் கீழே ஒரு பை தொங்குகிறது, எல்லோரும் அதையே வந்து வந்து பார்க்கிறார்கள். பையில் கொஞ்சம்தான் இருக்கிறது. நானும் பார்க்கிறேன். இவ்வளவு நாள் எனக்குப் பயமே இல்லை. இன்றைக்குத்தான் வந்திருக்கிறது, மொத்தமாக.

சூப்பை வாங்கவில்லை. அம்மா வாளியோடு அழுதுகொண்டே வெளியே போயிற்று, பார்த்திருப்பாய்.

கஞ்சித் தண்ணி இரண்டு ஸ்பூன் குடித்தேன். வயிற்றுக்குள் போகிற வழி முழுக்கத் தெரிகிறது. வாந்தி வரவில்லை. மூன்றாவது ஸ்பூன் எடுத்தால் கை நடுங்கி நெஞ்சில் கொட்டிவிடுகிறது. அளவு தப்பினால் நெஞ்சு நின்றுவிடும் என்று நீயே எழுதி அனுப்பிவிட்டாய், இப்போது எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவிடம் கொடுத்தால் டம்ளரோடு கவிழ்த்துவிடும். ஹேமா கண்ணை மூடிக்கொள்கிறாள்.

உள்ளே வந்து நீ ஊட்டு. மெதுவாக. பேசாமல்.

வெற்றிச்செல்வி